அனுமதித்தவர்: திருகாணி

அந்த விளம்பரத்தில் தொலைபேசி எண் இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. "கதவு திறக்கவில்லையா? கவலை வேண்டாம், நாங்கள் திறந்துவிடுகிறோம்" என்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள் எழுத்து, அதற்குக் கீழே இருட்டாக ஒரு கதவின் படம். ஆனால் எண் இல்லை, முகவரி இல்லை, தொட்டால் எங்காவது இழுத்துக்கொண்டு போகும் இணைப்பும் இல்லை. குப்பை விளம்பரங்களை அழித்தே விரல் தேய்ந்துபோன திருகாணி, எதையும் விற்காத விளம்பரம் ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

திருகாணி என்பது மன்றத்தில் அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். வீட்டுப் பழுதுகளைத் தாங்களே சரிசெய்துகொள்கிறவர்களுக்கான இணைய மன்றம் அது. ஒழுகும் குழாய், மழைக்கு ஊதிப்போன கதவு, பூசிய மறுவாரமே உதிரும் சுவர் என்று எதைக் கேட்டாலும் அங்கே யாராவது பதில் சொல்வார்கள். அவளும் இன்னும் சிலரும் பைசா வாங்காமல் அந்த மன்றத்துக்குக் காவல் இருந்தார்கள். சண்டையை விலக்குவது, குப்பையை அழிப்பது, புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது. மன்றத்தை விலைக்கு வாங்கிய புது நிறுவனம், அந்த வேலைக்கென்று இருந்த வசதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கவும், காவலர்கள் எல்லாரும் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் நின்றவர் 'ரசமட்டம்' என்ற பெயரில் எழுதுகிறவர். ஓய்வுபெற்ற கொத்தனார். நேரில் பார்த்ததில்லை என்றாலும் ஃபோனில் மகளிடம் பேசுவதுபோலப் பேசுவார்.

"குப்பை சேரட்டும்மா. நாத்தம் தாங்காம அவங்களே ஓடி வருவாங்க. நடுவுல யாராவது ஒருத்தர் பாவம் பாத்துக் கூட்டினீங்க, அத்தனையும் வீண்."

அவளும் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏணியிலிருந்து விழுந்து வலது கால் முழங்கால்வரை மாவுக்கட்டுக்குள் கிடந்தது. ஏணியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான்! பேருந்து ஓட்டுநரான கணவன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். மூன்றாவது மாடி. கூடத்து சோஃபாவில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. மதியமே பிடித்த மழை சாயங்காலமாகியும் விடவில்லை. சன்னல் கம்பிகளில் நீர் வழிந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடையும் பழைய துணியின் வாடையும் கலந்து வீட்டுக்குள் புழுங்கின.

முதலில் எல்லாம் வழக்கமான குப்பைதான். உடம்பு இளைக்க மாத்திரை, வீட்டிலிருந்தே வேலை, போலிக் கைக்கடிகாரம். காவல் இல்லாத தோட்டத்தில் ஆடு மேய்வது அதிசயமா? ஆனால் இன்று அந்த ஆடுகளையும் காணோம். மேலிருந்து கீழ்வரை மஞ்சள் எழுத்து. இருட்டுக் கதவு. மஞ்சள் எழுத்து. இருட்டுக் கதவு.

அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி மட்டும் மனிதக் குரலில் இருந்தது. 'ஓட்டைவாளி' என்ற பெயரில் எழுதும் பெண். கேலியும் கிண்டலுமாகப் பேசுகிறவள். "குளியலறைக் கதவு தானா சாத்திக்கிச்சு. உள்ள யாரும் இல்ல, ஆனா உள்தாழ்ப்பாள் விழுந்திருக்கு. எப்படித் திறக்கிறது?" அதன் கீழே மஞ்சள் எழுத்து வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் திறந்துவிடுகிறோம்.

அதற்கும் கீழே ஓட்டைவாளியே மறுபடி எழுதியிருந்தாள். "திறந்துட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷங்க."

எண்ணே இல்லாதவர்களை இவள் எப்படிக் கூப்பிட்டாள்? திருகாணி கேட்டாள்: "எந்த வழியா வந்தாங்க?" பதிலுக்கு நிற்காமல் தள்ளிக்கொண்டே போனாள். இன்னொரு உறுப்பினர்: திறந்துட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷங்க. இன்னொருவர். அதே சொற்கள், ஓர் எழுத்து மாறாமல்.

ரசமட்டத்தைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தார்.

"சார், மன்றத்தப் பாத்தீங்களா? இது வெறும் குப்பை மாதிரி தெரியல. சத்தியத்த மீறினாலும் பரவாயில்ல, நான் அழிக்கப் போறேன்."

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு பேசினார். அவர் குரல்தான், ஆனால் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல, துணிகளில் பட்டு அடங்கி அடங்கி வந்தது.

"வந்துட்டாங்கம்மா. ரொம்ப நல்ல மனுஷங்க."

"யாரு சார்? சார்?"

"கொஞ்சம் தள்ளி நின்னா போதும்னாங்க. தள்ளித்தான் நிக்கிறேன்."

மரத்தில் மரம் உரசும் சத்தம். இணைப்பு அறுந்தது.

அவள் முதல் மஞ்சள் பதிவை அழுத்தி, அழி என்று கட்டளை கொடுத்தாள். பதிவு அசையவில்லை. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி முளைத்தது.

அனுமதித்தவர்: திருகாணி.

அடுத்ததை அழித்தாள். அனுமதித்தவர்: திருகாணி. அதற்கடுத்தது. அதற்கடுத்தது. ஓட்டைவாளியின் கேள்விக்குக் கீழே இருந்ததிலும் இப்போது அவள் பெயர். அவள் யாரையும் உள்ளே விடவில்லை. தடுக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அவ்வளவேதானா?

புதிதாக ஒரு படம் வந்தது. அதுவும் இருட்டுத்தான். செதுக்காத மரப்பலகை, அதன் ஓரத்தில் நூல்போல ஒரு வெளிச்சக் கீற்று. படத்தைப் பெரிதாக்கினாள். கீற்றுக்கு அப்பால் ஒரு முக்காலி. முக்காலியின் மேல் வெள்ளையாக ஒரு கால்.

அவளுடைய கால்.

கணவனைக் கூப்பிட்டாள். பின்னணியில் பயணிகளின் இரைச்சல்.

"என்னங்க, வாசல்ல யாரோ நின்னு இடுக்கு வழியா என்னைப் படம் பிடிக்கிறாங்க. உடனே வாங்க."

"மழையில ஒரு வண்டியும் நகரலடி. பஸ்ஸ நடுரோட்டுல விட்டுட்டா வர முடியும்?" என்றவன், அவள் அழுகிறாள் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. முதல்ல கதவ நல்லாத் தாழ் போடு. கீழ்வீட்டு அண்ணனுக்கு ஃபோன் பண்ணி மேல வரச் சொல்றேன். நீ யாருக்கும் திறக்காத."

ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். சோஃபாவைச் சுற்றி வாசலுக்குப் போவதற்குள் நெற்றி வியர்த்தது. கீழ்த்தாழ், நடுத்தாழ், மேல்தாழ். ஈரத்தில் மரம் ஊதியிருந்ததால் மேல்தாழ் முரண்டு பிடித்தது. ஊன்றுகோலின் அடியால் இடித்து இடித்து ஏற்றினாள். டக். பொருந்திக்கொண்டது. கதவில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினாள். வெளியே ஆளரவம் இல்லை. மழை மட்டும்.

அப்போதுதான் கைபேசியில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள்.

பாதம் தெரிந்தது. உள்ளங்காலும், கட்டுக்கு வெளியே துருத்திய ஐந்து விரல்களும், நேராகப் படம் எடுத்தவரைப் பார்த்து. வாசல் சோஃபாவுக்குப் பின்னால் இருந்தது. காலுக்கு எதிரே இருந்தது படுக்கையறை. படுக்கையறையில், கூடத்தைப் பார்த்தபடி, துணி அலமாரி.

கைபேசி அதிர்ந்தது. ஓட்டைவாளி பதில் எழுதியிருந்தாள்.

"உள்ளேர்ந்துதான்."

திரும்பினாள். மேல்தாழை இழுத்தாள். வரவில்லை. நகம் பெயர இழுத்தாள். இடித்து ஏற்றியது இறங்கவில்லை. ஊன்றுகோலால் அடித்தாள். கத்தினாள். "அண்ணே! கீழ்வீட்டு அண்ணே!" படிக்கட்டில் யாரும் ஏறி வரவில்லை. மழை குரலைத் தின்றது.

பின்னால், சமையலறையில், கண்ணாடிப் புட்டி ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம்.

விழுந்த சத்தமல்ல. வைக்கப்பட்ட சத்தம். மெதுவாக. பிறகு இன்னொன்று.

குளிர்சாதனப் பெட்டியின் வெளிச்சம் சமையலறைத் தரையில் பட்டையாக நீண்டிருந்தது. தண்ணீர்ப் புட்டிகள் வரிசையாக நின்றன. பால் பாத்திரம், மூடியோடு. காய்கறித் தட்டு. கடைசியாக உள்ளே இருக்கும் கம்பித் தட்டுகள், ஒவ்வொன்றாக, சுவரோரம் சாய்ந்தன. இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஏதோ மறைக்க, வெளிச்சப் பட்டை ஓரத்திலிருந்து சுருங்கியது. பாதியானது. இருண்டது.

ஊன்றுகோல் கை நழுவியது. அவள் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

எதிரே படுக்கையறை. அலமாரிக் கீலுக்கு எண்ணெய் விட்டது அவள்தான். அது கீச்சிடவில்லை.

கதவு திறந்திருந்தது. ஒரு முகம் நுழையும் அகலத்துக்கு.

அந்த இருட்டிலிருந்து அவளுடைய புடவைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மடிப்புக் கலையாமல். ஒன்றன்மேல் ஒன்றாக. ஓரம் பிசகாமல். தரையில் அடுக்கு உயர்ந்தது. கடைசிப் புடவையை வைத்த கை, அதன் சுருக்கத்தை இரண்டு தரம் நீவிவிட்டது. பிறகு உள்ளே போகாமல், விரல்களை அகல விரித்து, தரையில் ஊன்றிக்கொண்டது.