பாரூக் பாய் கடையில் இரண்டு எஸ்பிரஸ்ஸோ

“அந்த மேஜையில பாதி எனக்குங்க.”

குரல் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. கண்ணகிதான் என்ன செய்வாள்... பஸ் ஸ்டாண்டிலிருந்து உமர் பாரூக் பாய் கடை வரைக்கும் கொட்டுகிற மழை. ஒரு கையில் குடை, மறு கையில் குழந்தையைத் தூக்குவதுபோல மெஷின் பெட்டி. உள்ளே வந்தால், கடையில் இருக்கிற ஒரே மேஜையின் நட்டநடுவில் எவனோ ஒருத்தன் தன் மெஷினை வைத்து, கைக்குட்டையால் அதைக் கொஞ்சிக் கொஞ்சித் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் திரும்பினான். மழைக்கு வாசலில் ஒதுங்கியவரைப் பார்த்து ‘உள்ளதான் வாங்களேன்’ என்று சொல்லுமே சில பேருடைய கண்கள்... அந்த ரகம். சண்டைக்கு வந்த இடத்தில் அப்படிப்பட்ட கண்களைப் பார்த்தால் எவளுக்கும் அடுத்த வார்த்தை தடுக்கும். கண்ணகிக்கும் தடுக்கியது.

“பாதி இன்னாத்துக்கு, முழுசா எடுத்துக்குங்க. ப்ளக் பாயின்ட்ட மட்டும் எனக்கு வுட்டுடுங்க” என்றான்.

“எனக்கு ப்ளக்கே வேணாம். இது அடுப்புல வைக்கிற மெஷின்.”

“ஓ... அப்ப எதிரிக் கம்பெனி நீங்கதானா?” பல் தெரியச் சிரித்தான். “நான் தீனதயாளன். சங்கராபுரம். கரண்டு மெஷின்.”

எதிரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உதடு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. “கண்ணகி. சின்னசேலம்” என்றாள்.

அது எண்பத்தாறாம் வருஷம். எஸ்பிரஸ்ஸோ என்றால் கல்யாண மண்டபத்து வாசலில் ‘புஸ்’ஸென்று சீறும் பெரிய மெஷின்தான் என்று கள்ளக்குறிச்சி நம்பிக்கொண்டிருந்த காலம். பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்த நுரைக்கு வரிசையில் நிற்பார்கள். அதே நுரை இனி உங்கள் வீட்டுச் சமையற்கட்டிலேயே என்று இரண்டு கம்பெனிகள் குட்டி மெஷின்களோடு கிளம்பியிருந்தன. மிக்ஸியும் குக்கரும் விற்கிற பாரூக் பாய் கடை அலமாரியில் ஒரு மெஷினுக்குத்தான் இடம். தீபாவளிக்கு எதை வாங்கி அடுக்குவது என்று புரியாமல், இரண்டு கம்பெனி ஆட்களையும் ஒரே நாளில் வரச்சொல்லிவிட்டார்.

அவர் குறித்த நாள் மறியல் நாளாகப் போயிற்று. இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்த வருஷங்கள் அவை. கண்ணகி வந்ததுதான் அன்றைக்குக் கடைசி பஸ். சின்னசேலம் கூட்டுரோட்டில் மறியலுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன் வீரமுத்து. “என் தங்கச்சி போவுது, இந்த ஒரு வண்டிய வுட்டுடுங்கப்பா” என்று வழிவிடச் சொன்னவர், பஸ் தாண்டியதும் தானே கல்லை உருட்டி ரோட்டை அடைத்தார்.

“பாசக்காரரு” என்றான் தீனதயாளன், இதைக் கேட்டுவிட்டு. பாலுக்காகக் காத்திருந்த நேரம் அது. மழை ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

“பாசந்தான்... ஊருக்கெல்லாம் வேல குடுன்னு ரோட்டுல உக்காந்துக்கினு இருக்காரு. வூட்ல ஒருத்தி வேலைக்குப் போனா மட்டும் ஆவல.” சொன்ன பிறகுதான், முன்பின் தெரியாதவனிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் அந்தக் கண்கள் கேட்டுக்கொண்டேயிருந்தன. “மூணு மாசம் கெடு குடுத்திருக்காரு. அதுக்குள்ள கம்பெனியில என்ன நெரந்தரமாக்கணும். இல்லன்னா ஆத்தூர் மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடுவாரு.”

“மாப்பிள்ள எப்படி?”

“யாருக்குத் தெரியும்? ரைஸ் மில்லு இருக்குதாம். மில்லப் பத்திதான் எல்லாரும் சொல்றாங்க.”

அவன் சிரிக்கவில்லை. “கெடு எப்ப முடியுது?”

“இந்த மாசம். இன்னிக்கு ஆர்டர் கெடச்சா வேல நெலைக்கும். இதான் கடைசி” என்றாள், முந்தானையால் மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டே.

அவன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாரூக் பாய் குடையோடு உள்ளே வந்தார். பின்னால் பால் கேன். சேலம் போக வேண்டிய பால் வண்டியும் மாட்டிக்கொண்டதால் அன்றைக்குப் பாலுக்குப் பஞ்சமில்லை.

“டீக்கடையெல்லாம் சாத்திட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல ஜனங்க ஒரு வாய் சூடா கெடைக்காம குந்திக்கினு இருக்காங்க. எல்லாரையும் கூப்புட்டேன். ரெண்டு பேரும் ஊத்துங்க. எந்த மெஷின்ல ரெண்டாவது டம்ளரு ஜாஸ்தியா கேக்குறாங்களோ, அதான் நம்ம கடையில.”

வந்தார்கள். நனைந்த துண்டும் முக்காடுமாகக் கடை நிறைந்தது. கண்ணகி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்து, மெஷினை ஏற்றினாள். அந்தப் பக்கம் தீனதயாளன் தன் வித்தையைக் கடை விரித்தான்.

“பாத்துக்குங்க... இந்த மஞ்ச விளக்கு எரியுதா? எரியட்டும். தானா அணையும். அணைஞ்சப்புறம் திருகுனா காபி. அவசரப்பட்டுத் திருகுனா கழனித்தண்ணி.”

கூட்டம் சிரித்தது. இவ்வளவு வாய் இருக்கிறவனை எப்படி ஜெயிப்பது... அவளுடைய மெஷின் சீறியது. குழாயைப் பாலில் விட்டாள். நுரை பொங்கிவந்தது. அதற்கப்புறம் அவள் நிமிரவேயில்லை. டம்ளர், பொடி, திருகு, நுரை... “இன்னொண்ணு குடும்மா”, “எனக்கும் ஒண்ணு ஊத்தும்மா” என்று கைகள் நீண்டுகொண்டே இருந்தன.

“இன்னாப்பா உன்னுது வெந்நி மாதிரி இருக்குது” என்று அந்தப் பக்கம் யாரோ முகம் சுளித்தது மட்டும் காதில் விழுந்தது.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பாய் தாடியைத் தடவிக்கொண்டு, “அடுப்பு மெஷின்தான்” என்றார். கண்ணகி குதித்தேவிட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண், கம்பெனி பிரதிநிதி, நாலு பேர் நடுவில் சின்னப் பிள்ளை மாதிரி. தீனதயாளன் கைதட்டினான். அவன் முகத்தில் தோற்றவனுடைய வாட்டமே இல்லை. நல்ல மனசு என்று நினைத்து, அதற்கும் சேர்த்து ஒரு துளி சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் கரியாலூர்க்காரி ஆயம்மாள், புருஷன் இருசப்பனோடு மலையிலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்து மாட்டிக்கொண்டவள், “போட்டிதான் முடிஞ்சுபோச்சே. அந்த கரண்டு மெஷின்ல எனக்கு ஒண்ணு குடு சாமி” என்றாள்.

பேச்சு சுவாரசியத்தில் தீனதயாளன் மெஷினைப் போட்டான். மஞ்சள் விளக்கு அணையும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அணைந்தது. திருகினான்.

வாசனை கடை முழுக்கப் பரவியது. டம்ளரில் நுரை தலைக்கு மேல் நின்றது. ஆயம்மாள் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணகியின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘விளக்கு அணையட்டும்’ என்று சொல்கிறவன்... காலையிலிருந்து ஊற்றியது எல்லாம்...

கடைக்குப் பின்னால், டம்ளர் கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தாள்.

“விளக்கு எரியும்போதே திருகுனீங்க.”

அவன் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

“எத்தன டம்ளரு?”

“எல்லாந்தான்” என்றான் மெதுவாக.

“நான் ஜெயிச்சேன்னு குதிச்சனே... அத வேற பாத்துக்கினு கைதட்டுனீங்க.” கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்கும் அவன்மேலேயே கோபம் வந்தது. “உங்க பேர்ல இருக்கிற தயவ பேர்லயே வச்சிக்குங்க. என் பொழப்புக்கு தருமம் போட நீங்க யாருங்க?”

“கண்ணகி, நான் அப்படி...”

அவள் நிற்கவில்லை. நேரே பாயிடம் போனாள். “அது செல்லாது பாய். மறுபடி வைங்க.”

பாய் தலையில் கைவைத்தார். “ஏம்மா, பாசான பொண்ணு எங்கயாவது மறுபடி பரீட்ச எழுதுவாளா?”

“இவரு ஒழுங்கா எழுதல பாய். எழுதச் சொல்லுங்க.”

“ஒழுங்கா ஊத்துனா நீங்க தோத்துடுவீங்க” என்றான் பின்னாலேயே வந்த தீனதயாளன். குரல் கெஞ்சியது.

“தோத்தா தோக்கறேன். என் தோல்விதானே. உங்களுக்கு இன்னா வந்துச்சு?”

மறுபடி நடந்தது. இந்தத் தடவை அவன் வித்தை காட்டவில்லை, வாயே திறக்கவில்லை. விளக்கு அணைய அணைய ஊற்றினான். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்ந்தது. கண்ணகி ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பாவி, அவ்வளவு நன்றாக இருந்தது. ரைஸ் மில் கண்முன் வந்து நின்றது... பரவாயில்லை, தோற்றாலும் தலை நிமிர்ந்து போகலாம்.

“காபின்னா இது காபி” என்றார் பாய்.

இருசப்பன் இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். மகளுக்குச் சீரோடு வைக்க ஒன்று வாங்கலாம் என்று ஆசை. கடைசியில் கண்ணகியிடமே வந்தார். “நீயே சொல்லும்மா. எத எடுக்கிறது?”

தோற்றாகிவிட்டது. இனிப் பொய் எதற்கு...

“காபி அவருதுதாங்க நல்லா இருக்குது. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். பிறகு, காலையிலிருந்து நூறு பேருக்கு ஊற்றியும் ஒருத்தரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். “பொண்ண எங்க குடுக்கிறீங்க? அங்க கரண்டு எப்படிங்க?”

“எங்க கரியாலூர் பக்கந்தான். காத்தடிச்சா போவும். எப்ப வரும்னு கேக்கக் கூடாது.” இருசப்பன் சிரித்தார். “வந்தாலும் பல்பு மின்மினி மாதிரி எரியும்.”

“அடுப்பு?”

“அது தெனம் எரியுது.”

“அப்ப யோசிச்சிக்குங்க. அவருது டவுனு வூட்டுக்கு நல்ல மெஷின். மலையில பாதி நாளு சும்மா குந்தியிருக்கும்.”

இருசப்பன் யோசிக்கவே இல்லை. “அடுப்பு மெஷினே குடு.”

பக்கத்தில் நின்ற கச்சிராயபாளையத்து ஆள் ஒருவர், “எங்களுக்கும் சாயங்காலமானா வோல்டேஜ் கம்மிதான்” என்றார். “எங்க வூர்ல மட்டும் இன்னா வாழுது?” என்றது இன்னொரு குரல். கூட்டத்தில் முக்கால்வாசி மலைக்காரர்களும் கிராமத்துக்காரர்களும்தான். பாரூக் பாய் கடையில் சாமான் எடுக்கிறவர்களும் அவர்கள்தான்.

பாய் வெகுநேரம் தாடியைத் தடவினார்.

“பரீட்சைய நான்தான் தப்பா வச்சிட்டேன்” என்றார். “நாக்குக்கு வச்சேன். வாங்கறவங்க வூட்டுக்கு இல்ல வச்சிருக்கணும். தீபாவளிக்கு உன்னுதே அனுப்பும்மா. இந்த தடவ யாரும் உனக்கு வுட்டுக் குடுக்கல.”

கண்ணகி குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்தாள். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள்... பார்த்துவிட்டாள். தீனதயாளன் இப்போது கைதட்டவில்லை. ஆர்டரை இழந்தவன் முகம் மாதிரியா இருந்தது அது... அவளைவிட அவன்தான் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மறியலை முடித்துக்கொண்டார்கள். பஸ்கள் ஒவ்வொன்றாக உறுமின. மழை தூறலாகக் குறைந்திருந்தது. சின்னசேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்த கண்ணகி, கீழே நின்றவனிடம் கேட்டாள். கேட்காமல் போனால் ராத்திரி தூக்கம் வராது.

“இன்னாத்துக்கு அப்படிச் செஞ்சீங்க? என்னப் பாத்தா பாவமா இருந்துச்சா?”

“பாவமா?” அவன் தலையை ஆட்டினான். நெற்றியிலிருந்து தண்ணீர் சிதறியது. “அது தருமம் இல்லீங்க. சுத்தமான சுயநலம்.”

“சுயநலமா?”

“தோத்தீங்கன்னா ஆத்தூரு. ஜெயிச்சீங்கன்னா மாசத்துக்கு ரெண்டு தடவயாவது பாய் கடைக்கு வருவீங்க. நானும் எதையாச்சும் சாக்கு வச்சிக்கினு வரலாம். ஒரு ஆர்டர் போனா இன்னொண்ணு புடிச்சிக்கலாம்...” கொஞ்சம் நிறுத்தினான். மழை பட்ட அந்தக் கண்களில் இப்போது வாய்ச்சவடால் ஒன்றுமில்லை. “உங்கள எங்க போயி புடிக்கிறது? அந்த பயத்துல புத்தி வேல செய்யல. தப்புதான். நீங்க ஜெயிப்பீங்கன்னு நம்பியிருக்கணும்.”

கண்ணகிக்குக் காது இரண்டும் சூடேறியது. காலையில் பார்த்தவன்... சாயங்காலத்துக்குள் இப்படியா... இதையெல்லாம் யோசிக்க வேண்டியவள் அவள்தான். மனசு யோசிக்க மறுத்தது.

“இத காலையிலயே வாயால சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா அடிச்சிருப்பீங்க.”

“அடிச்சிருப்பேன்தான்.”

“இப்ப?”

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. தீனதயாளன் ஜன்னலோடு கூடவே நடந்தான். பதிலை வாங்காமல் நிற்க மாட்டான் போலிருந்தது.

“எங்கண்ணன் ஞாயித்துக்கிழமையில வூட்லதான் இருப்பாரு” என்றாள் கண்ணகி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

நடந்தவன் ஓட ஆரம்பித்தான். “எந்த ஞாயிறுங்க?”

“வர்ற ஞாயிறே வாங்க. எதுத்துப் பேசுவாரு, நாலு கேள்வி கேப்பாரு, நின்னு பதில் சொல்லுங்க.” இப்போது அவனை நேராகப் பார்த்தாள். “வேல நெலச்சிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். மீதிய நீங்க சொல்லணும். உங்க மேல எரக்கப்பட்டுக் கூப்புடல... எனக்கும் சுயநலந்தாங்க.”

அவன் ரோட்டு நடுவில் அப்படியே நின்றுவிட்டான். தூறலில் நனைந்தபடி, கையைக்கூட ஆட்டத் தோன்றாமல், சிரித்துக்கொண்டு. அவனுக்குப் பின்னால் சங்கராபுரம் போகும் பஸ் அவனை ஏற்றாமலே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கண்ணகி கவனித்தாள்.