மணல்தட்டில் ஒரு மண்டையோடு

காலையில் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போன மண்டையோட்டின் மூக்கு, மாலையில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இர்ஃபான் வேலைதான் என்று கோகிலவாணிக்கு உடனே தோன்றியது. ஆய்வகக் கூரை ஒழுகுகிறதென்று, அரியலூர்ப் பாறையில் கிடைத்த அந்த மண்டையோட்டை ஊரப்பாக்கத்து வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். டைனோசர் காலக் கடலில் நீந்திய மீன்பல்லி. யாரும் அறியாத இனம். முதலில் விவரித்து வெளியிடுகிறவர் வைப்பதுதான் பெயர், பிந்தியவருக்குப் பட்டை நாமம். வருடக்கணக்காக உழைத்தது அவள். கூட வேலை செய்யும் இர்ஃபானிடமும் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது.

ஒட்டிய துண்டுகள் காயும்வரை மண்டையோட்டை மணல்தட்டில் பதித்து வைப்பார்கள். கொஞ்ச நாளாக அவள் அந்த மணலை ஸ்கேலால் வழித்துச் சமமாக்கிவிட்டுத்தான் வெளியே போகிறாள். எவன் கைவைத்தாலும் தடம் விழும், பிடிபடட்டும் என்று இருந்தாள்.

ஜிஎஸ்டி ரோட்டு லாரிகளின் இரைச்சல் மழையோடு சேர்ந்து ஜன்னலை அதிரவைக்க, பழைய மீன் வாடை ஒன்று ஈரத்துணி நாற்றத்தோடு அறையெங்கும் நின்றது. அந்த வீட்டில் மீன் வாங்கியே மாதமாகிறது. போனை எடுத்தாள்.

"இன்னிக்கு வீட்டுக்கு வந்தியா, இர்ஃபான்?"

"இல்லக்கா. தாம்பரத்துல ட்ரெயின் நின்னுகினு கீது, அதுலதான் கீறேன்."

"பொய் சொல்லாத. போட்டோ எடுக்கத்தானே திருப்பி வெச்ச?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருக்கிறான் என்று எரிச்சல்பட்டாள்.

"நீங்க என்னை நம்பலைன்னு தெரியும்க்கா. அதான் சாவிய நேத்தே உங்க பையில போட்டுட்டேன். பாருங்க."

துழாவினாள். பையின் அடியில் சாவி கிடந்தது.

கரண்ட் போனது.

போன் டார்ச்சைப் போட்டாள். தட்டின் ஓர மணல் வழித்தபடியே இருந்தது. ஒரு விரல் தடம்கூட இல்லை. மூக்கின் முன்னால் மட்டும் மணல் குவிந்திருந்தது, உள்ளிருந்து தள்ளியதுபோல.

தொட்டாள். ஈரம். கல்லா எலும்பா என்று நாக்கில் வைத்துப் பார்த்துப் பழகியவள், யோசிக்காமல் விரலை நாக்கில் வைத்தாள்.

உப்பு.

"அக்கா? லைன்ல கீறீங்களா?"

கண்ணைச் சுற்றிய எலும்புத் தகடுகளின் நடுவே இருந்த கல்லை அவளேதான் குடைந்து எடுத்தாள். நேற்றுவரை அந்தத் துளை வழியே மணல் தெரிந்தது. இப்போது தெரியவில்லை. ஏதோ கறுப்பாக நிறைந்திருந்தது. பளபளப்பாக.

அழிந்துபோன இனம். கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

கறுப்பு சுருங்கியது.

சட்டென்று வெளிச்சத்தை விலக்கினாள்.

விரிந்தது.