திருப்பிச் சொல்கிறவன்

கர்ட்டிஸ் கிண்டல் செய்து வெகுநேரமாகிவிட்டது என்பது, டேப்பின் இருபதாவது மீட்டரில்தான் வெர்னாவுக்கு உறைத்தது.

நெவாடாவின் அந்தப் பள்ளத்தாக்கில் இடுப்பளவு சேஜ் புதர்களினூடே செடிக் கணக்கெடுப்புக்கான ஐம்பது மீட்டர் அளவு டேப் கிடந்தது. அரை மீட்டருக்கு ஒருமுறை கம்பியை இறக்கி, நுனி எதைத் தொடுகிறதோ அதை உரக்கச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிற உதவியாளன் கர்ட்டிஸ் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வான். சொல்கிறவள் நுனியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பதினெட்டு வருடமாக அப்படிக் குனிந்தே நடப்பவள் வெர்னா. வாரம் முழுக்க அவள் காதில் விழும் ஒரே மனிதக் குரல் கர்ட்டிஸுடையது. அதையும் காலையில் அவளே கெடுத்துக்கொண்டாள்.

"பாஸ், இங்க இருக்கற முயலுக்கெல்லாம் உங்க முதுகுதான் தெரியும். ஒருநாளாவது மூஞ்சியக் காட்டுங்க!"

"வாய மூடிட்டு எழுதுடா. தொணதொணன்னு."

அவன் முகம் செத்துப்போயிற்று. ஐயோ, ஏன்தான் சொன்னோமோ! இந்தப் பருவத்து வேலை முடிந்து நாளை அவன் ஊருக்குப் போய்விடுவான். அதற்குள் அவனைச் சமாதானப்படுத்தாவிட்டால் இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த முகம்தான் அவளுக்குத் துணை.

"சேஜ் புதர்."

"சேஜ் புதர்," என்றது பின்னால் கர்ட்டிஸின் குரல்.

"வெறும் மண்."

"வெறும் மண்."

சாயங்கால வெயில் புதர் நிழல்களை இழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. பூச்சிகளின் இரைச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. சேஜ் இலையின் காரமான வாசனை மங்கி, ஏப்ரலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை காணாத அந்த மண்ணில் ஈரக் கிணற்று வாடை அடித்தது. பின்னால் பென்சில் கீறும் சத்தமும் இல்லை.

"கோவமாடா? காலைல பேசுனது என் தப்புதான்."

"காலைல பேசுனது என் தப்புதான்."

பழி வாங்குகிறான் பையன். வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சு லேசானது.

"போதும்டா, குரங்கே."

"போதும்டா, குரங்கே."

இருபத்தெட்டாவது மீட்டரில் கம்பி நுனி ஒரு மஞ்சள் பென்சிலைத் தொட்டது. கர்ட்டிஸின் பென்சில். பின்னால் வருகிறவனின் பென்சில் எப்படி முன்னால் கிடக்கும்?

அடுத்த புள்ளியில் அவன் எழுதும் அட்டை. கடைசி வரி பதினைந்தாவது மீட்டரோடு நின்றிருந்தது.

அவள் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. கை தன் பழக்கத்தில் கம்பியை இறக்கியது.

மெத்தென்று நின்றது.

ஒரு கை. புதருக்கு அடியிலிருந்து நீண்டிருந்தது. கர்ட்டிஸ் கழற்றவே மாட்டாத நீலக்கல் மோதிரம்.

ஆட்காட்டி விரல் மெல்ல அசைந்தது. இடமும் வலமுமாக. திரும்பாதே.

நுனி தொட்டதைச் சொல்ல, பழக்கத்தில் வாய் திறந்தாள். பிடரியில் ஈர மூச்சு.

இந்தமுறை அது காத்திருக்கவில்லை.

"கை," என்றது. வெர்னாவின் குரலில்.