கொசுறுவும் புயலும் ஒரு காலி இடமும்

கொசுறுவின் வீட்டில் உப்பு கேட்பதே ஒரு பெரிய காரியம்.

"உப்பை எடுங்க" என்பார் அம்மா. "உப்பை எடுக்கிறேன்" என்று அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று அம்மா சொன்ன பிறகுதான் உப்பு டப்பா நகரும்.

அம்மாவுக்கு அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அங்கே ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே திருப்பிச் சொல்வார். சொன்னவர் "சரி" என்ற பிறகே பொத்தானில் கை வைப்பார்கள். அந்தப் பழக்கம் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது.

"உப்புக்கு இவ்வளவு பாதுகாப்பா?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

வகுப்பிலேயே குட்டியானவள் என்பதால்தான் அவள் கொசுறு. பெயர் வைத்தது உயிர்த்தோழி புயல். புயலின் அப்பா மொட்டை மாடிகளில் சோலார் தகடு பொருத்துகிறவர்.

அந்த வாரம் வம்பு வந்து சேர்ந்தது. முப்பது வருடம் கழித்து நாட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று காட்ட, அட்டையில் ஒரு ஊர் செய்யச் சொன்னார் டீச்சர். கொசுறுவும் புயலும் சேர்ந்து செய்த ஊரில் வீடுகள் தயார். ஓடைக்கரையில் மட்டும் ஓர் இடம் காலி.

"அங்க அணுமின் நிலையம் வைக்கலாம். ராத்திரியும் ஓடும், புகையும் வராது" என்றாள் கொசுறு.

"வேணாம். அதோட கழிவு ஆயிரக்கணக்கான வருஷம் ஆபத்து. சோலாரே போதும்" என்றாள் புயல்.

"உங்க அப்பா தகடு மழை வந்தா தூங்கிடும்."

அவ்வளவுதான். புயல் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. அட்டை ஊரில் இருந்த காலி இடத்தைவிட, பெஞ்சில் இருந்த காலி இடம்தான் கொசுறுவை வாட்டியது.

மூன்றாம் நாள் இடைவேளையில் அவளே எழுந்து போனாள்.

"நீ சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன். நீ சரின்னு சொல்ற வரைக்கும் பதில் பேச மாட்டேன்."

புயல் முறைத்தாள். "அணுமின் நிலையம் வேணாம்."

"அணுமின் நிலையம் வேணாம், என்னையும் வேணாம்."

"உன்னை வேணாம்னு நான் சொல்லவே இல்லையே."

கொசுறு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்லாததைச் சேர்த்துச் சொன்னால் அம்மாவின் கட்டுப்பாட்டு அறையில் என்ன ஆகும்?

"அணுமின் நிலையம் வேணாம்."

"சரி." புயலின் குரல் இறங்கியது. "அது வந்துட்டா யாரும் தகடு வாங்க மாட்டாங்க. அப்பாவுக்கு வேலை இருக்காது."

கொசுறு அதையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்குப் புரிந்தது. புயலுக்கு இருந்தது கோபமே இல்லை.

"சரி. இப்ப நீ சொல்லு" என்றாள் புயல்.

"அம்மாவோட நிலையம் பழசாயிடுச்சு. புதுசு கட்டலைன்னா நாங்க வேற ஊருக்குப் போயிடுவோம்."

"நீங்க வேற ஊருக்கு..." புயலால் முடிக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

மாலைக்குள் கூரைகளில் எல்லாம் வெள்ளித்தாள் தகடுகள் மின்னின. ஓடைக்கரையில் ஒரு சின்ன அணுமின் நிலையம் நின்றது. அதன் பக்கத்தில் நன்றாக ஒட்டி மூடிய ஒரு தீப்பெட்டி. மேலே புயலின் கையெழுத்து: 'கழிவை எங்கே வைப்பது? யோசிக்கிறோம்.'

"நல்லா யோசிங்க. பெரியவங்களும் அதைத்தான் யோசிச்சிட்டு இருக்காங்க" என்றார் டீச்சர்.

மணி அடிக்கும் நேரம். புயல் மெல்லக் கேட்டாள். "நாளைக்கு உன் பக்கத்துல உக்காரட்டுமா?"

"நாளைக்கு என் பக்கத்துல உக்காரப் போற."

"சரி" என்றாள் புயல். நாளைவரை யார் காத்திருப்பது? அப்போதே பையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.