மெழுகு தடவாத சுவர்

மதியம் இரண்டு மணிக்கு நானும் தங்கையும் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இடிக்கப்போகிற வார்டு அது. அதன் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து புதுக் கட்டடத்தின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாக ஏற்பாடு. அந்த வேலை எங்கள் தலையில் விழுந்திருந்தது. சுவர், ஜன்னல், கூரை எல்லாம் முடித்தாயிற்று. பாக்கி இருந்தது வட்டமான படிக்கட்டுக் கோபுரத்தின் தோல் மட்டும். திறப்பு விழாவுக்கு நான்கே நாள்.

தோல் என்றால் ரப்பர் தாள். சொரசொரப்பான காரைச்சுவரில் முதலில் மெழுகு தடவ வேண்டும். அதன்மேல் சிலிக்கானைப் பூசி, இறுகியதும் உரித்தால் அச்சு. அச்சில் ரப்பர் பாலை ஊற்றிக் காயவைத்து உரித்தால், துணி மாதிரி வளையும் ஒரு சுவர். காரையின் பொடிப்பொடி மேடுபள்ளமெல்லாம் சின்னக் கட்டடத்தில் பெரிய கற்களாகத் தெரியும்.

மூலையில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதன் காரைதான் சரியாக இருந்தது. உள்ளே ஈரத்துணியை மூடிவைத்த நாற்றம். அச்சை எடுத்துவரத் தங்கையிடம் சொல்லிவிட்டு, போனில் கத்திக்கொண்டிருந்த புதுக் கட்டடத்து இன்ஜினியருக்குப் பதில் சொல்ல வெளியே வந்துவிட்டேன். அவளை நம்பித் தாராளமாக விடலாம். ரப்பரின் கனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடுவாள். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை; அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அவள் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் அந்த அச்சிலிருந்து உரித்த முதல் தாளில் கீழ்மூலையில் ஒரு புடைப்பு. காற்றுக் குமிழாக இருக்கும் என்று கிழித்துப் போட்டேன். இரண்டாவதிலும் புடைப்பு. மூன்றாவதிலும். அச்சைத் தடவிப் பார்த்தால் அந்த இடம் மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. ரப்பர் பாலை மாற்றினேன், கிண்ணத்தை மாற்றினேன், மேசைக்கு மட்டம் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஏழாவது தாளை உரித்தபோது எரிச்சல் தலைக்கேறியது. அதைச் சுருட்டிச் சுவரில் அடித்தேன்.

"மெழுகு தடவினியா இல்லையா? உண்மையச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள்.

"மறந்துட்டேண்ணா. உரிக்கும்போது காரையும் சேர்ந்து வந்துடுச்சு. பல் தேய்க்கிற பிரஷ்ஷால அச்சைச் சுத்தம் பண்ணிட்டேன்."

"இத முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?"

"காரைக்கு உள்ள இன்னொரு சுவர் இருந்துச்சுண்ணா. அதுல ஒரு கை பதிஞ்சிருந்துச்சு."

கொத்தனார் எவனாவது ஈரக்காரையில் கை வைத்திருப்பான் என்று எரிந்து விழுந்தேன்.

"இல்லண்ணா. கொத்தனார் வெளியிலேருந்துதானே கை வைப்பாரு? இது பின்பக்கத்திலேருந்து தள்ளின மாதிரி வெளியே புடைச்சிட்டிருந்துச்சு."

ஏழு தாள்களையும் பொறுக்கி வரிசையாக விரித்தாள். முதல் தாளில் கீழ்மூலையில் இருந்த புடைப்பு, ஏழாவதில் நடுவுக்கு வந்திருந்தது.

அதில் ஐந்து விரல் இருந்தது.

பயப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. மறுநாள் காலை மாதிரியை ஒப்படைக்க வேண்டும். புதிதாக அச்செடுக்க நேரமில்லை. எட்டாவது முறை ஊற்றினேன். நடுவில் ரப்பர் மெல்ல உப்பத் தொடங்கியது.

"அமுக்கு அதை! கையால அமுக்கிப் பிடி!"

"வேணாம்ணா."

"அமுக்குன்னா அமுக்கு! காயற வரைக்கும் கைய எடுக்காதே!"

அவள் உள்ளங்கையை வைத்தாள். நான் ஹேர் டிரையரைப் பிடித்தேன்.

"அண்ணா," என்றாள் கிசுகிசுப்பாக. "அந்தப் பக்கத்துலேருந்தும் யாரோ அமுக்குறாங்க."

"வேலையப் பாரு."

அந்தத் தாள் அப்பழுக்கில்லாமல் வந்தது. புடைப்பு இல்லை, கீறல் இல்லை. சந்தோஷத்தில் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோபுரத்தில் சுற்றி ஒட்டினேன். ஓரம் தூக்காமல் இருக்க விரலால் நீவிவிட்டேன்.

அடுத்த அறையில் கை கழுவிக்கொண்டிருந்தவள் அலறினாள்.

"கூசுதுண்ணா, விடு!"

ஓடினேன். தனியாகத்தான் நின்றிருந்தாள். வலது உள்ளங்கையை என்னிடம் காட்டினாள். அதில் ரேகை இல்லை. சின்ன வயதில் பிளேடு கிழித்த தழும்பும் இல்லை. முட்டை ஓட்டைப் போல வழவழவென்று இருந்தது. கிள்ளினேன், தெரியவில்லை என்றாள்.

தாளை உரித்துவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். முனை ரப்பரில் பட்டதுமே அவள் துடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கோபுரத்தின் கற்களுக்கு நடுவே அந்தத் தழும்பு குறுக்காக ஓடியது.

அப்போதே எங்காவது ஒளித்து வைத்திருக்கலாம். விடிந்ததும் இன்ஜினியர் ஆளோடு வந்து நின்றார். நானும் கொடுத்துத் தொலைத்தேன். யாரும் தொட முடியாதபடி கண்ணாடிப் பெட்டியை நானே நான்கு பக்கமும் திருகி மூடினேன். அவள் கைக்கு அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

திறப்பு விழாவில் கைதட்டல் ஓய்வதற்குள் போன் அடித்தது. வீட்டிலிருந்து தங்கை.

"அண்ணா, வலிக்குது. கோபுரத்த விடேன்."

"நான் தொடலம்மா. கண்ணாடி மூடியிருக்கு."

"அப்போ யாரு பிடிச்சிருக்கறது?"

குனிந்து பார்த்தேன். கோபுரத்தில் ஓரிடம் குழிந்து, சுருங்கி, உள்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"கைய இழும்மா! வெளியே இழு!"

போனில் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"எடுக்காதேன்னு நீதானே சொன்னே? இப்போ எடுக்க முடியலண்ணா."