வாசலில் முடிந்த பூச்சு

அண்ணனின் உடம்பு அந்தத் துளை வழியே தலை முதலில் வெளியே வந்தது.

தொழிற்சாலையின் பின்பக்கம் படுத்த வாக்கில் கிடந்த இரும்புத் தண்ணீர் டாங்க். ஒரு லாரி நீளம். உள்ளே போகவும் வரவும் ஒரே வழி, முன் முனையில் இருந்த அந்த வட்டத் துளைதான்.

தங்கை அழவில்லை.

"பெயிண்ட் வாடை மண்டைக்கு ஏறி மயங்கியிருக்கான். விழுந்ததுல பின்மண்டையில அடி." இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "விபத்துன்னு எழுதிடறேன்மா."

"வெளியில ஒரு ஆள் நிக்காம எங்கண்ணன் டாங்க்குக்குள்ள இறங்க மாட்டான் சார்."

"என் சம்சாரம்கூட நான் ஹெல்மெட் இல்லாம வண்டி எடுக்க மாட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா."

"இது வேற சார்..."

"எல்லாருக்கும் அவங்கவங்க ஆளு வேறதாம்மா."

சுவரோடு பேசுவது போலிருந்தது அவளுக்கு.

மேனேஜர் குறுக்கே வந்தார். "சார், மீதிப் பூச்சை அப்புறம் பார்த்துக்கறோம், சாயங்காலம் தண்ணி ஏத்தியாகணும். ஒரு மெஷின் ஓடல. மேலிடத்துல என்னைப் பிச்சு எடுக்கறாங்க."

"தண்ணி ஏத்திட்டா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்," என்றாள் அவள்.

"உள்ள என்னம்மா இருக்கு? பெயிண்ட்தான் இருக்கு."

அவர் சொன்னது சரி. அவள் பார்க்க விரும்பியதும் அதைத்தான்.

"விட்டுடும்மா." மேஸ்திரி அவள் தோளைத் தொட்டார். அண்ணனின் கூட்டாளி. இருவரும் சேர்ந்து துரு சுரண்டாத டாங்க் அந்த வட்டாரத்தில் இல்லை. சின்ன வயசிலிருந்து இருவருக்கும் பெயிண்ட் கலக்கிக் கொடுத்த அவளுக்கு, அவரை மாமா என்று கூப்பிட்டே பழக்கம். நேற்று காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தாராம். "இவங்ககிட்ட மல்லுக்கு நின்னு என்ன ஆகப்போகுது? போனவன் வருவானா?"

அண்ணன் வரமாட்டான். ஆனால், 'தன் கவனக்குறைவால் செத்தான்' என்று ஒரு வரி காலத்துக்கும் நிற்கும். அதை அவளால் தாங்க முடியாது.

கான்ஸ்டபிள் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக் கொண்டு துளைக்குள் புகுந்தாள்.

"ஏம்மா... ஏய்... இது என்ன, சர்க்கஸா?" இன்ஸ்பெக்டர் முனகிக் கொண்டே தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

சுவர்களில் பூச்சு இல்லை. சுரண்டிய இரும்பு பளபளத்தது. தரையில் மட்டும் சாம்பல் நிறப் பூச்சு, கல்லாகக் காய்ந்திருந்தது.

"எங்க கிடந்தான் சார்?"

"அந்தக் கடைசியில."

"நீங்க வீடு துடைச்சா எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

"நான் எங்கம்மா துடைக்கறேன்..."

"சம்சாரம் துடைக்கும்போது பார்த்திருப்பீங்கல்ல. உள் மூலையில ஆரம்பிச்சு, பின்னாடியே நகர்ந்து வந்து, வாசல்ல முடிப்பாங்க. இல்லேன்னா ஈரத்தை மிதிச்சுக்கிட்டுத்தான் வரணும். இந்த வேலையும் அப்படித்தான்."

வெளிச்சத்தைக் கோடியிலிருந்து துளை வரை மெதுவாக இழுத்தாள்.

விடுபட்ட இடம் இல்லை. காலடி இல்லை. பூச்சு துளையின் விளிம்பில் வந்து முடிந்திருந்தது.

"காலையில உங்க ஆளுங்க வந்தப்போ காய்ஞ்சு போச்சு, அவங்க காலடி பதியல. சரி. எங்கண்ணன் அந்தக் கோடியில செத்துக் கிடக்கான். அப்போ இந்த வாசல் வரைக்கும் அடிச்சிட்டு வெளியே போனது யாரு சார்?"

இன்ஸ்பெக்டரின் மூக்கிலிருந்து கைக்குட்டை இறங்கியது.

"அடிச்சு அங்க இழுத்துப் போட்டுட்டு, ரத்தத்தை மறைக்க பெயிண்ட் அடிச்சிருக்கான்..." என்றார் மெல்ல.

அவள் குனிந்தாள். டார்ச் தரையிலேயே நின்றிருந்தது. எதையோ பார்த்தாள்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் நேராக மேனேஜரிடம் போனார்.

"நேத்து இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"வ... வந்தேன் சார். வேலை முடிஞ்சுதான்னு கேட்கத்தான்."

"கேட்டீங்களா, நீங்களே முடிச்சீங்களா?"

மேனேஜர் முகம் வெளுத்தது.

"அவராத்தான் இருக்கும் சார்," என்றாள் தங்கை. குரல் கணீரென்று இருந்தது. "தொழில் தெரிஞ்சவன் அடிச்ச மாதிரியே இல்ல. சின்னப்புள்ள சுவத்துல கிறுக்கின மாதிரி இருக்கு."

"அப்படியா?"

"பெயிண்ட் டப்பா, அதை இறுக வைக்கற மருந்து டப்பா, ரெண்டையும் சரியா கலக்கவே இல்ல. அங்கங்க கட்டி கட்டியா நிக்குது. இதுல தண்ணி ஏத்தினா அடுத்த மாசமே ஒழுகும்."

மேஸ்திரி செருமினார்.

"தகடு சேர்ற வெல்டிங் கோட்டைத் தொடவே இல்ல சார். துரு பிடிக்கறதே அங்கதான். அதை விட்டுட்டு மேலோட்டமா ரோலரை உருட்டிட்டுப் போயிருக்கான். கூலிக்கு வந்த ஆளுகூட இப்படிக் கேவலமா அடிக்க மாட்டான்."

"யாரும்மா சொன்னது?" மேஸ்திரியின் குரல் உயர்ந்தது.

"நான்தான் சொல்றேன் மாமா. தகர டப்பாவுக்கு அடிக்கக்கூட லாயக்கு இல்லாத கை."

"கண்ணு தெரியாம பேசாத. ஒவ்வொரு வெல்டிங் கோட்டுக்கும் ரெண்டு தரம் பிரஷ் விட்டுட்டுத்தான் நான் ரோலரையே..."

நின்றுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மூச்சு விடாமல் மேஸ்திரியைப் பார்த்தார். "காய்ச்சல்ல படுத்திருந்தவருக்கு எப்படித் தெரியும், எத்தனை தரம் பிரஷ் விட்டதுன்னு?"

மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவனும் இதையேதாம்மா சொன்னான். போன தடவை நான் அடிச்சது உரிஞ்சுதான் இந்த டாங்க் ஒழுகுதாம். மேனேஜர்கிட்டயும் சொல்லப் போறேன்னான். என் கையில துரு தட்டுற சுத்தி இருந்துச்சு... ஒரே அடிதாம்மா..."

தங்கையின் கண்ணிலிருந்து அப்போதுதான் நீர் இறங்கியது.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். மேனேஜர் நெஞ்சைத் தடவிக் கொண்டார்.

"உள்ள பார்த்தப்பவே தெரிஞ்சுதா உனக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெல்டிங் கோடு மேல ரெண்டு தரம் பிரஷ் விடறது மாமா ஒருத்தர்தான் சார். எங்கண்ணனுக்கே ஒரு தரம்தான். சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்." தும்மினார்.

மேஸ்திரி எழுந்திருக்கும்போதும் அவள் முகத்தைத்தான் பார்த்தார். "நிஜமாவே கட்டி கட்டியா நிக்குதாம்மா?"

"இல்ல மாமா. கண்ணாடி மாதிரி இருக்கு."

"கவலைப்படாம வாய்யா," இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவைத் திறந்தார். "தண்டனை முடிஞ்சு வந்து நீயே தட்டிப் பாரு. உன் தலைமுடி உதிர்ந்திருக்கும்... இந்தப் பூச்சு உரிஞ்சிருக்காது!"