இரண்டு டப்பாவில் ஒரே பூனை

"சம்பந்தியாகப் போற மனுஷன் திருடன், வக்கீலம்மா! கேஸ் போடணும். கல்யாணத்தையும் நிறுத்தப் போறேன்."

பிஸ்கட் கடை நடத்தும் அம்மாள் இரண்டு அட்டை டப்பாக்களை மேசைமேல் டொம்மென்று வைத்தார். ஒன்று அவருடையது, மற்றது சம்பந்தியாகப் போகும் கேக் கடைக்காரருடையது. இரண்டிலும் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு குண்டுப் பூனை சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா பதறவில்லை. பதறுவதற்கென்றே பக்கத்தில் அவர் கணவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே மனைவியின் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட அவரை, தெருவே 'ஜூனியர்' என்று அழைத்தது. துப்புத் துலக்குவதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

"அசல் ஈயடிச்சான் காப்பி!" என்றார் ஜூனியர். "மாட்டிக்கக் கூடாதுன்னு வாலை மட்டும் வலப்பக்கம் திருப்பி விட்டிருக்கான் பாரு!"

"என் பொண்ணு வரஞ்ச படம் சார். 'எங்கள் மகள் கையால் வரைந்தது'ன்னு டப்பாவிலேயே அச்சடிச்சிருக்கேன். அவரும் கூசாம 'எங்கள் மகன் கையால் வரைந்தது'ன்னு போட்டிருக்காரு. என்ன நெஞ்சழுத்தம்!"

"பொண்ணு என்ன சொல்றா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"வாயே திறக்கல. மாப்பிள்ளைப் பையனும் அப்படித்தானாம். கல்யாணத்தை மட்டும் நிறுத்தாதேன்னு அழறா."

வக்கீலம்மா டப்பாக்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிஸ்கட் டப்பாவில் 'மாலை நாலு மணிக்குச் சுடச்சுட' என்றிருந்தது. கேக் டப்பாவில் 'காலை ஆறு மணிக்கே கடை திறக்கும்' என்றிருந்தது.

"என்னங்க, இந்த ரெண்டு கடிகாரமும் என்ன மணி காட்டுது?"

"பத்து பத்து. ரெண்டும் பத்து பத்து! பூனைக்குப் பின்னால பலகையில என்னமோ எழுதியிருக்கு, எந்த மொழின்னே புரியல." ஜூனியர் குரலைத் தாழ்த்தினார். "ரகசியக் குறியீடு!"

வக்கீலம்மா சிரித்துக்கொண்டே, எல்லோரையும் மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் இரண்டு குடும்பமும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தன. யாரும் தப்பி ஓடிவிடக் கூடாதென்று ஜூனியர் வாசற்கதவை ஒட்டி நின்றார். வக்கீலம்மா பெண்ணிடமும் பையனிடமும் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் நீட்டினார்.

"அதே பூனையை இன்னொரு தடவை வரைஞ்சு காட்டுங்க."

இருவரும் வேர்த்து விறுவிறுத்து வரைந்தார்கள். பெண்ணின் பூனை தலையணைபோல் இருந்தது. பையனின் பூனைக்கு ஆட்டு முகம். பெற்றவர்கள் இருவரும் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"யாரும் யாரையும் பார்த்து வரையல. ரெண்டையும் வரைஞ்சது கம்ப்யூட்டர் ஏஐ," என்றார் வக்கீலம்மா. "நாலு மணின்னு பெருமை பேசற கடைக்குக் கையால வரையறவ கடிகாரத்துல நாலு மணி வைக்க மாட்டாளா? திருடறவன்கூட தன் கடை நேரத்துக்கு முள்ளைத் திருப்பியிருப்பான். கடிகார விளம்பரத்துல எல்லாம் முள்ளு பத்து பத்துலதான் நிக்கும். அந்தப் படங்களைப் பார்த்தே பழகின ஏஐ, கேட்டாலும் கேக்காட்டியும் அதே மணிதான் வைக்கும். எழுத்தும் எழுத்து மாதிரி தெரியும், படிக்க வராது. இவங்க வாயை மூடினது திருடினதால இல்ல, ஒருத்தரையொருத்தர் காட்டிக் கொடுக்க மனசு வராததால. என்னம்மா, நான் சொல்றது சரியா?"

பெண் தலை குனிந்தாள். "படம் கேட்டு ஏஐக்கு நான் அடிச்ச வாக்கியத்தையே இவருக்கும் போன்ல அனுப்பினேன் ஆன்ட்டி. வேற பூனை வரும்னு நெனச்சோம். அம்மா என்னை ஓவியர்னு தெருவெல்லாம் சொல்லிட்டாங்க..."

"அப்ப என் கேஸ்?" என்றார் பிஸ்கட் அம்மாள் ஈனசுரத்தில்.

"நிக்காது. மெஷினே வரைஞ்ச படத்தை என்னோடதுன்னு கோர்ட்டுல சொந்தம் கொண்டாடறது ரொம்பக் கஷ்டம். ஆனா 'கையால் வரைந்தது'ன்னு அச்சடிச்சு வித்தீங்களே, அது வாங்கறவங்ககிட்ட சொன்ன பொய். கேஸ் வந்தா உங்க ரெண்டு பேர் மேலயும்தான் வரும். இன்னைக்கே அந்த டப்பாக்களை நிறுத்துங்க."

கேக் கடைக்காரர் பிஸ்கட் அம்மாளைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தார்கள் என்று ஜூனியருக்குத் தெரியவில்லை. அறையே சிரித்தது. அவருக்கு மட்டும் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு திருடன் கிடைக்கவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்.

கல்யாணம் குறித்த நாளிலேயே ஜாம் ஜாமென்று நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பிஸ்கட்டும் கேக்கும் ஒரே டப்பாவில் கொடுத்தார்கள். அதன்மேல் மணமக்கள் சேர்ந்து வரைந்த பூனை படுத்திருந்தது. உடம்பு தலையணை, முகம் ஆடு. கடிகாரம் சரியாக நாலு காட்டியது.

ஜூனியர் டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது நிஜமாவே இவங்களுக்குச் சொந்தமா?"

"முழுக்க முழுக்க," என்றார் வக்கீலம்மா.

பிஸ்கட் அம்மாள் சம்பந்தியின் கையில் இன்னொரு டப்பாவைத் திணித்தபடி பூரிப்போடு சொன்னார். "இனிமே பயமே இல்ல சார். இதை எவனும் திருட மாட்டான்!"